ரோஜாச் செடிக்குக் கவாத்து: அடியில் தொடங்கி நுனியில் முடிக்கும் முழுமையான வழிகாட்டி

கத்தரியை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் செடியின் உச்சியில்தான் கைவைப்பார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளை எல்லாம் ஒரே மட்டத்துக்கு நறுக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். அடுத்த மாதமே வெட்டிய நுனிகளிலிருந்து மெல்லிய குச்சிகள் கிளம்பும். மேலே புதர், உள்ளே இருட்டு, பூவோ சின்னது.

ரோஜாவில் கவாத்து, அதாவது தண்டுகளை வெட்டிச் சீர்செய்வது, கீழிருந்து மேலே போக வேண்டிய வேலை. எந்தத் தண்டு இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று முதலில் முடிவாக வேண்டும். எவ்வளவு உயரத்தில் நிறுத்துவது என்பது கடைசிக் கேள்வி. கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே இருக்கின்றன. முன்பின்னாக மாற்றாமல் செய்யுங்கள்.

1. செடி பழைய தண்டில் பூக்கிறதா, புதுத் தளிரிலா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் கத்தரியைத் தொட வேண்டாம். இன்று வளர்க்கப்படும் பெரும்பாலான ரோஜாக்கள் (நீண்ட காம்பில் ஒற்றைப் பெரிய பூ விடும் ஹைபிரிட் டீ, கொத்துக்கொத்தாகப் பூக்கும் ஃப்ளோரிபண்டா, குட்டை மினியேச்சர்) ஆண்டில் பலமுறை பூப்பவை. புதிதாக வரும் தளிரின் நுனியில்தான் இவை மொட்டு வைக்கும். ஆகவே வெட்டினால் தளிர் வரும், தளிர் வந்தால் பூ வரும்.

ஆண்டுக்கு ஒரே ஒரு பருவம் மட்டும் பூத்து ஓயும் பழைய ரகங்களும், ராம்ப்ளர் எனப்படும் படரும் ரகங்கள் பலவும் இதற்கு நேர்மாறு. போன ஆண்டு வளர்ந்த தண்டில்தான் அவற்றுக்குப் பூ. பருவத்துக்கு முன்பே வெட்டிவிட்டால் அந்த ஆண்டின் பூ முழுவதும் குப்பைக்குப் போய்விடும். இவற்றைப் பூத்து முடிந்த உடனே வெட்டுங்கள். ரகம் தெரியாத செடி என்றால் ஓராண்டு வெட்டாமல் கவனித்துவிட்டு முடிவெடுப்பதே நல்லது. அதுவரை காய்ந்த குச்சிகளை மட்டும் எடுக்கலாம்.

2. காலம்

உறைபனி விழும் பகுதிகளில், குளிர் முடியும் தறுவாயில் தண்டிலுள்ள கண்கள் (தளிர் கிளம்பும் இடங்கள்) சிவந்து புடைக்கத் தொடங்கும்போது வெட்ட வேண்டும். அவசரப்பட்டு முன்னதாக வெட்டினால் தளிர் சீக்கிரம் கிளம்பி, அடுத்து வரும் பனியில் கருகிவிடும்.

வெப்பப் பகுதிகளில் ரோஜா முழுதாக உறங்குவதே இல்லை. அங்கே மழை ஓய்ந்து, குளுமை தொடங்கும் பருவம்தான் பெருங்கவாத்துக்கு ஏற்றது. கோடை உச்சியில் வெட்டினால், இதுவரை இலை நிழலில் இருந்த தண்டுகள் திடீரென வெயிலில் வெந்து பட்டை வெடிக்கும். தொடர்மழையில் வெட்டினால் ஈரமான வெட்டுவாய் வழியே பூஞ்சை இறங்கும்.

நட்டு ஓராண்டு ஆகாத செடிக்குப் பெருங்கவாத்து வேண்டாம். வேர் ஓடுவதற்குத் தேவையான உணவை இலைகள்தான் சமைக்கின்றன. அதை எடுத்துவிட்டால் செடி பின்தங்கிவிடும்.

3. கையில் இருக்க வேண்டியவை

கத்தரியில் இரண்டு வகை உண்டு. இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடந்து போவது ஒன்று. ஒற்றை அலகு ஒரு தட்டையான பரப்பின்மேல் வந்து அழுத்துவது இன்னொன்று. ரோஜாவுக்கு முதல் வகைதான் வேண்டும். இரண்டாவது வகை பச்சைத் தண்டை நசுக்கும். நசுங்கிய திசு அழுகும். காய்ந்த குச்சி நறுக்க அது பரவாயில்லை.

கட்டைவிரல் பருமனைத் தாண்டிய தண்டுகளுக்கு நீளக் கைப்பிடியுள்ள கத்தரியும், அடிக்கட்டைகளுக்கு ஒரு சிறிய கவாத்து ரம்பமும் தேவைப்படும். கைக்கத்தரியாலேயே தடித்த தண்டைத் திருகித் திருகி அறுப்பவர்கள் தண்டையும் கெடுப்பார்கள், கத்தரியையும் கெடுப்பார்கள்.

அலகைத் துடைக்க 70 சதவீத ஆல்கஹால் கொஞ்சமும் ஒரு துணியும் போதும். ப்ளீச் கரைசலும் கிருமியைக் கொல்லும்தான், ஆனால் இரும்பை அரிக்கும்.

முழங்கை வரை வரும் தடித்த தோல் கையுறை அவசியம். கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி போட்டு 10 ஆண்டு கடந்திருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். முள் குத்திய இடத்தில் ஆறாத கட்டி ஒன்று தோன்றி, அங்கிருந்து கையில் மேல்நோக்கி வரிசையாகக் கட்டிகள் வந்தால், அது ஸ்போரோதிரிக்ஸ் என்ற பூஞ்சையின் வேலையாக இருக்கலாம். மருத்துவரிடம் ரோஜாவில் வேலை செய்ததைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அந்தப் பக்கம் யோசனை போக வாய்ப்பு குறைவு.

4. ஒரு வெட்டு எப்படி இருக்க வேண்டும்

செடிக்குப் போகும் முன் இதைக் கழித்த குச்சி ஒன்றில் பழகிக்கொள்ளுங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் ஒரு சிறு புடைப்பு இருக்கும். அதுதான் கண். இலை உதிர்ந்த தண்டில் பிறை வடிவத் தழும்பைத் தேடுங்கள். அதற்குச் சற்று மேலே கண் இருக்கும். முதிர்ந்த தண்டில் கண்ணே தெரியாது; தண்டைச் சுற்றி ஓடும் மெல்லிய வளையத்தைக் கண்டால் அங்கே ஒன்று உறங்குகிறது என்று கொள்ளலாம்.

கண்ணுக்கு மேலே சுமார் 5 மி.மீ. விட்டு வெட்ட வேண்டும். இதைவிட நெருங்கினால் கண் காய்ந்துபோகும். அதிகம் விட்டால் கண்ணுக்கு மேலே நிற்கும் துண்டுக்கு உணவை இழுக்க இலையோ தளிரோ இல்லை. அது செத்து, அந்தச் சாவு கீழே இறங்கிக் கண்ணையும் சேர்த்துக் கொண்டுபோகும். புதியவர்கள் வெட்டிய செடிகளில் நான் அதிகம் பார்ப்பது இந்த 2 அங்குல மொட்டைக் குச்சிகளைத்தான். பயத்தில் கொஞ்சம் கூடுதலாக விட்டுவைக்கிறார்கள். அந்தக் கூடுதல்தான் நோய்க்கு வாசல்.

வெட்டுவாய் கண்ணுக்கு எதிர்ப்பக்கமாகச் சரிய வேண்டும், தண்ணீர் கண்மேல் வழியாமல் இருக்க. 45 பாகைச் சாய்வு என்பார்கள். அந்தக் கணக்கில் மயிர்பிளக்க வேண்டியதில்லை. சாய்வு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் செடிக்குப் பெரிய நட்டமில்லை. தூரமும் அலகின் கூர்மையும்தான் முக்கியம்.

கத்தரியைப் பிடிக்கும் விதத்திலும் ஒரு விஷயம் உண்டு. கூரான மெல்லிய அலகு செடியில் மிஞ்சும் பக்கமும், வளைந்த தடித்த அலகு கழியப்போகும் பக்கமும் இருக்கட்டும். தடித்த அலகு தொடும் இடம் கொஞ்சம் நசுங்கும். நசுங்குவது குப்பைக்குப் போகும் துண்டாக இருக்கட்டும்.

எந்தக் கண்ணுக்கு மேலே? செடியின் நடுவை விட்டு வெளியே பார்க்கும் கண்ணுக்கு மேலே. தளிர் கண் பார்க்கும் திசையில்தான் போகும். தரையோடு தாழ்ந்து படரும் சுபாவமுள்ள ரகமென்றால் மட்டும் இதை மாற்றி, உள்நோக்கிய கண்ணுக்கு மேல் வெட்டி நிமிர்த்தலாம்.

5. முதல் நாள் தண்ணீர், மறுநாள் பார்வை

வெட்டுவதற்கு முதல் நாள் வேர்வரை நனையும்படி தண்ணீர் விடுங்கள். வாடிய செடியில் வெட்டு வேண்டாம்.

மறுநாள் காலை, பனியீரம் காய்ந்ததும், கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் செடியைச் சுற்றி வாருங்கள். அடிமண்ணைக் கொஞ்சம் விலக்கி ஒட்டுப்பகுதியைக் கண்டுபிடியுங்கள். நாற்றங்கால்களில் வாங்கும் ரோஜாக்களில் பல, காட்டு ரோஜாவின் வேரில் நல்ல ரகத்தின் கண்ணை வைத்து ஒட்டியவை. தண்டின் அடியில் முண்டு போலப் புடைத்திருக்கும் இடம்தான் ஒட்டு. இனி நீங்கள் எடுக்கும் முடிவுகள் எல்லாம் இந்த முண்டிலிருந்தே தொடங்கும். குச்சி நட்டு வளர்த்த செடியில் இந்த முண்டு இருக்காது. 7ஆம் படியைத் தாண்டிப் போகலாம்.

6. செத்ததையும் நோயுற்றதையும் முதலில் எடுங்கள்

இதில் யோசனைக்கு இடமே இல்லை, அதனால்தான் முதலில். எல்லாம் எடுத்த பிறகு செடி பாதியாகியிருக்கும் சில நேரம். நல்ல தண்டில் கைவைக்கும் முன்பே இந்த நிலவரம் தெரிந்துவிடுவது நல்லது.

செத்த தண்டு பழுப்பாக, சுருங்கி இருக்கும். சந்தேகமென்றால் நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

நுனியிலிருந்து கறுத்துக்கொண்டு இறங்கும் தண்டுதான் ஆட்களை ஏமாற்றும். இது நுனிக்கருகல் நோய். கறுப்பு எங்கே முடிகிறதோ அங்கே வெட்டினால் போதாது. வெட்டுவாயின் நடுவிலுள்ள மென்மையான சோற்றைப் பாருங்கள். அது வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் நோய் பட்டைக்கு உள்ளே இன்னும் கீழே இருக்கிறது. அடுத்த கண்ணுக்கு இறங்கி மறுபடி வெட்டுங்கள். வெள்ளை தெரியும்வரை இறங்க வேண்டியதுதான். ஒட்டுவரை பழுப்பென்றால் தண்டே போக வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் அலகை ஆல்கஹாலால் துடையுங்கள், இல்லாவிட்டால் நோயைக் கத்தரியே அடுத்த தண்டுக்குக் கொண்டுபோகும்.

போன ஆண்டுகளில் விட்டுப்போன அடிக்கட்டைகள் இருந்தால் ரம்பத்தால் ஒட்டையொட்டி அறுத்தெடுங்கள். புதுத் தண்டு கிளம்ப வேண்டிய இடத்தை அவை அடைத்துக்கொண்டிருக்கின்றன.

7. காட்டுத்துளிர்

ஒட்டுக்குக் கீழேயிருந்தோ, செடிக்குச் சற்றுத் தள்ளி மண்ணிலிருந்தோ கிளம்புவது காட்டு ரோஜாவின் துளிர். செடியிலேயே அதுதான் அதிக வேகமாக வளரும். விட்டுவைத்தால் நல்ல ரகத்தைப் பட்டினி போட்டு, கடைசியில் அதுவே செடியாகிவிடும். ‘சிவப்பு ரோஜா வாங்கினேன், இப்போது வேறு பூ பூக்கிறது’ என்று வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுத்துளிர், ஐந்து இருந்தால் நல்லது என்றொரு கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. நம்பாதீர்கள். நல்ல ரகங்கள் பலவற்றிலும் ஏழு சிற்றிலை வரும். இந்தக் கணக்கை நம்பி, ஒட்டுக்கு மேலே வந்த அருமையான புதுத் தண்டைப் பிடுங்கிப் போடுகிறவர்கள் உண்டு. எங்கிருந்து கிளம்புகிறது என்பதே சான்று. மண்ணைத் தோண்டிப் பாருங்கள்.

காட்டுத்துளிர்தான் என்று உறுதியானால் வெட்டாதீர்கள். பிறக்கும் இடத்தில் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்தெடுங்கள். வெட்டினால் அடியில் மிஞ்சும் கண்களிலிருந்து ஒன்றுக்கு நான்காக வரும். பிய்க்கும்போது அந்தக் கண்களும் சேர்ந்து வந்துவிடும்.

8. எந்தத் தண்டுகள் மிஞ்ச வேண்டும்

கவாத்தின் நெஞ்சு இந்தப் படிதான். இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

விரல்களை விரித்து, உள்ளங்கையை வானம் பார்க்க வைத்த கை போல, நடுவே திறந்து, தண்டுகள் ஓரத்தில் எழும்பி நிற்கும் வடிவம் நமக்கு வேண்டும். நடு திறந்திருந்தால் காற்று ஓடும், இலை சீக்கிரம் காயும். இலைமேல் ஈரம் நெடுநேரம் தங்கினால்தான் கரும்புள்ளி நோய் பிடிக்கிறது.

நடுவை நோக்கி வளரும் தண்டுகளை அடியோடு எடுங்கள். இரண்டு தண்டு குறுக்கே உரசினால் மெலிந்ததை எடுங்கள்; உரசிய இடத்தில் பட்டை கிழிந்திருந்தால் காயம் பெரிதாக உள்ளதை எடுங்கள். ஹைபிரிட் டீ வகையில் பென்சிலைவிட மெல்லிய குச்சிகளும் வேண்டாம்; அவை பெரிய பூவைத் தாங்கா. மினியேச்சருக்கு இந்தப் பென்சில் கணக்கு பொருந்தாது.

இப்போது வயது. இளந்தண்டு பச்சையாக, வழுவழுப்பாக இருக்கும். முதிர்ந்தது சாம்பல் நிறத்தில் பட்டை வெடித்திருக்கும். ஆண்டுதோறும் மிக முதிர்ந்த ஒன்றையோ இரண்டையோ ஒட்டோடு எடுத்துவிட்டால் அந்த இடத்தில் புதுத் தண்டு எழும்ப வழி கிடைக்கும். இப்படி மூன்று நான்கு ஆண்டில் செடி முழுவதும் புதுப்பிக்கப்பட்டுவிடும். ஒரே நாளில் எல்லாக் கிழட்டுத் தண்டையும் எடுத்துச் செடியை இளமையாக்க நினைப்பது ஆபத்து.

கடைசியில் ஹைபிரிட் டீக்கு 4 முதல் 6 நல்ல தண்டுகள் மிஞ்சினால் போதும். ஃப்ளோரிபண்டாவுக்கு இன்னும் சில கூடுதலாக விடலாம், அதற்குப் பூவின் எண்ணிக்கைதான் அழகு. உங்கள் செடியில் மொத்தமே மூன்று தண்டுதான் என்றால் வயது பார்க்காமல் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

9. உயரம்

இப்போதுதான் மேலே பார்க்க வேண்டும்.

குளிர்ப் பகுதிகளில் ஹைபிரிட் டீயை 30 முதல் 45 செ.மீ. உயரத்துக்குக் குறைப்பார்கள். வெப்பப் பகுதிகளில் அவ்வளவு இறங்க வேண்டாம். பாதி உயரம் போதும். செடி உறங்காத இடத்தில் தண்டிலுள்ள சேமிப்பை நம்பித்தான் அடுத்த துளிர் வருகிறது. மொட்டையடித்தால் சேமிப்பும் போய்விடும், நிழலும் போய்விடும். ஃப்ளோரிபண்டாவை ஹைபிரிட் டீயைவிடச் சற்று உயரமாகவே விடுங்கள். மினியேச்சரிலும் புதர் ரகங்களிலும் மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் ஆயிற்று.

ஒரே செடியில் ஒரு தண்டு தடித்தும் இன்னொன்று மெலிந்தும் இருந்தால் எதை அதிகம் குறைப்பது? தடித்ததை என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். மெலிந்ததைத்தான் அதிகம் குறைக்க வேண்டும். கண்கள் குறைந்தால், இருக்கும் ஓரிரு கண்களுக்கு முழு வலுவும் கிடைத்துத் தளிர் தடித்து வரும். ஆனால் செடி முழுவதுமே நோஞ்சானாக இருந்தால் இந்த விதியைப் போடாதீர்கள். அதற்கு வேண்டியது இலை. லேசாக மட்டும் வெட்டி ஒரு பருவம் தேற விடுங்கள்.

எல்லாத் தண்டையும் ஒரே மட்டத்தில் நிறுத்த வேண்டுமென்பதில்லை. நீங்கள் நினைத்த உயரத்துக்குக் கிட்டத்தில், வெளிநோக்கிய நல்ல கண் எங்கே இருக்கிறதோ அங்கே வெட்டுங்கள்.

10. கொடி ரோஜா மட்டும் வேறு

ஏறும் ரோஜாவின் முதன்மைத் தண்டுகளை முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் குறைக்கவே கூடாது. அவற்றை வேலியிலோ கம்பியிலோ கூடியவரை கிடைமட்டமாக வளைத்துக் கட்டுங்கள். நேரே நிற்கும் தண்டில் நுனிக் கண் மற்றக் கண்களை அடக்கி வைக்கும். கிடத்திவிட்டால் அந்த அடக்குமுறை தளர்ந்து, தண்டு நெடுகப் பக்கக்கிளை கிளம்பும். பூப்பது அந்தப் பக்கக்கிளைகளில்தான்.

பலமுறை பூக்கும் கொடிகளில் கவாத்து என்பது பக்கக்கிளைகளை 2 அல்லது 3 கண் விட்டு வெட்டுவது. ‘கொடியில் உச்சியில் மட்டும்தான் பூக்கிறது’ என்பவர்களுக்குக் கத்தரியைவிடக் கட்டுக்கயிறுதான் அதிகம் உதவும்.

11. வெட்டி முடித்த அன்றே

செடியில் ஒட்டியிருக்கும் பழைய இலைகளையும் கிள்ளி எடுத்துவிடுங்கள். கரும்புள்ளியும் சாம்பல் நோயும் அவற்றிலும் அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும். பாவம் பார்த்து விட்டுவைத்தால் புதுத் துளிருக்கு நோய் அங்கிருந்தே வரும். லேசாக மட்டும் வெட்டிய நோஞ்சான் செடியில் நோயில்லாத இலைகளை விட்டுவிடலாம். கீழே விழுந்த இலை, குச்சி எதையும் உரக்குழியில் போடாதீர்கள். வீட்டுக் குழியின் சூடு நோய்வித்துகளைக் கொல்லப் போதாது.

வெட்டுவாயில் எதையாவது பூச வேண்டுமா? மெல்லிய தண்டுகளுக்குத் தேவையில்லை, தானே ஆறிவிடும். ஈரம் மிகுந்த வெப்பப் பகுதியில் தடித்த வெட்டுவாய்களில் மட்டும் தாமிரப் பூஞ்சைக்கொல்லியைப் பசையாகக் குழைத்துப் பூசலாம். சாணம், மஞ்சள், மெழுகு என்று வரிசையாகப் பூசுவதால் உங்கள் மனம் ஆறும், அவ்வளவுதான்.

12. அடுத்த சில வாரங்கள்

வெட்டிய செடிகளில் செத்துப்போகிறவற்றில் பல, தண்ணீர் அதிகமாகித்தான் சாகின்றன, குறிப்பாகத் தொட்டிகளில். இலை இல்லாத செடி தண்ணீரை இழுக்காது. முன்பு ஊற்றிய அளவையே தினமும் ஊற்றினால் வேர் அழுகும். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றுங்கள்.

மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ அன்றே வைக்கலாம், அடித்தண்டை ஒட்டாமல் சற்றுத் தள்ளி. இரசாயன உரத்துக்குப் புதுத் துளிர் விரல் நீளம் வரும்வரை பொறுங்கள். வேலை செய்யாத வேருக்கு உப்பு கூடினால் வேர் கருகும்.

ஒரே கண்ணிலிருந்து இரண்டு மூன்று துளிர் வந்தால் வலுவான ஒன்றை விட்டு மற்றவற்றை விரலாலேயே கிள்ளிவிடுங்கள். வெட்டியதிலிருந்து ஏறத்தாழ 6 முதல் 8 வாரத்தில் பலமுறை பூக்கும் ரகங்களில் பூவைப் பார்க்கலாம். குளிரில் இன்னும் தாமதமாகும்.

13. பூத்தபின் செய்யும் சிறு வெட்டு

வாடிய பூவை மட்டும் கிள்ளினால் அதற்குக் கீழே மெல்லிய தளிர்தான் வரும். பூவிலிருந்து இறங்கி, ஐந்து சிற்றிலை கொண்ட, வெளிநோக்கிய முதல் முழு இலைக்கு மேலே வெட்டுங்கள். அங்கே தண்டும் தடிப்பு, கண்ணும் வலு. இளஞ்செடியில் மட்டும் இலையைக் காப்பாற்ற, பூவின் கழுத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கனிக்காக வளர்க்கும் ரகங்களில் பூவை விட்டுவிட வேண்டும்.

சில தளிர்கள் நன்றாக வளர்ந்தும் நுனியில் மொட்டே இல்லாமல் நின்றுவிடும். குருட்டுத் தளிர் என்பது இதைத்தான். அதைப் பாதியாகக் குறைத்து, தடித்த ஒரு கண்ணுக்கு மேல் நிறுத்தினால் அடுத்த துளிரில் பெரும்பாலும் பூ வரும். ஆனால் செடி முழுவதும் குருட்டுத் தளிராகவே வந்துகொண்டிருந்தால் இனி வெட்டிப் பயனில்லை. வெயில் போதவில்லை என்றே முதலில் சந்தேகப்படுங்கள். நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடத்துக்குத் தொட்டியை நகர்த்துங்கள், தரையில் நட்டதென்றால் மேலே நிழல்தரும் கிளைகளைக் கழியுங்கள்.